கை தூக்கினால் விளக்கு

என் சித்தியைப் பயமுறுத்த நான் எடுத்த முயற்சியில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் பத்தாம் வகுப்புக் கணக்கில் இந்நேரம் தேறியிருப்பேன் என்பது அம்மாவின் கட்சி. அம்மாவுக்கும் கணக்கு வராது. நான் கணக்குக்கு எடுத்த முயற்சி பூஜ்யம். பாதி எதற்கு, அதில் கால்வாசியே போதுமாயிருக்கும்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே மாடிப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வேலை கண் ஆஸ்பத்திரியில். டாக்டர் கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கண்மணி விரிந்திருக்க வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து விட்டு, மங்கலான அறை ஒன்றில் வரிசையாக உட்கார வைத்து, "மூடினது மூடினபடி இருக்கட்டும், திறந்தீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து" என்று மிரட்டுவதுதான் அவள் உத்தியோகம். நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஜனங்களைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் கண் கொட்டாமல் பேய்ப் படம் பார்ப்பாள். பேய் மட்டுமில்லை. கொலை, காணாமல் போனவர்கள், உள்பக்கம் பூட்டிய அறை, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ரொம்ப நல்ல மனிதர், எல்லாமும் உண்டு.

படங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவளிடம் கிடையாது. ஏணிப் படம், ஈரக்கால் படம், பல் படம் என்றுதான் சொல்வாள். எந்தப் பொருளைப் பார்த்ததும் பயம் வந்ததோ அதுதான் அந்தப் படத்தின் பெயர். ஒரு பொருளும் மனதில் நிற்காத படத்துக்குப் பெயரே இல்லை. "அது ஒண்ணுமில்லாத படம்" என்று தள்ளிவிடுவாள். அதில் ஊரே செத்திருந்தாலும் சரி.

எந்தப் படமானாலும் முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். சத்தமில்லாமலும் பயம் வந்தால் படம். சத்தம் போனதும் பயமும் போனால், "கதவைத் தட்டிட்டு ஓடற பசங்க வேலை இது. அதுக்கு எதுக்கு கேமரா?" என்பாள். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்ப்பாள். கதவைத் தட்டிவிட்டு ஓடுவதில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

அவளுடைய மொத்தச் சித்தாந்தமும் சொட்டு மருந்திலிருந்து வந்தது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"துளி பாட்டில் நுனியில தொங்கும் பாரு, அப்பத்தான்டி எல்லாரும் நடுங்குவாங்க. கண்ணுல விழுந்தப்புறம் ஒருத்தரும் நடுங்கறதில்ல. துடைச்சுக்கிட்டு, இவ்வளவுதானாம்பாங்க. நல்லா படம் எடுக்கறவனுக்கு அந்தத் துளிய எவ்வளவு நேரம் தொங்க விடணும்னு தெரியும். மத்தவனெல்லாம் பாட்டிலையே தலையில கவுக்கறான்."

அப்படிப்பட்டவளைப் பயமுறுத்துவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஈரக் கையால் அவள் கணுக்காலைப் பிடித்தேன். அவள் குனிந்து பார்த்தாள். "கை பரவாயில்ல. குளிர்ச்சி சரியா இருந்துச்சு. ஆனா நீ சிரிப்ப அடக்கினது மூக்கு வழியா வந்துச்சு. வெளிய வா, முட்டி வலிக்கப் போகுது" என்றாள். ஜவுளிக்கடை பொம்மையின் தலையைக் கெஞ்சி வாங்கிவந்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். அவள் அதை நகர்த்திவிட்டுத் தயிரை எடுத்தாள். "திறந்தா லைட் எரியற இடத்துல வச்சா எப்படிடி பயம் வரும்? கடையில காட்சிக்கு வச்ச மாதிரி இருக்கு." தலைக்கு விமரிசனம் அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு நாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி வைத்தேன். உப்பு டப்பா, டம்ளர், கரண்டிக் கொக்கி, எல்லாம் அதே வரிசை, அதே ஒழுங்கு, ஒரு சாண் மட்டும் தள்ளி. சித்தி வந்தாள். பார்க்காமலே உப்புக்குக் கை நீட்டினாள். கை காற்றில் நின்றது. பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். "இது நல்லா இருக்குடி," என்றாள், "இது படம்." எனக்கு அன்றைக்குப் பத்தாம் வகுப்பு பாஸான மாதிரி இருந்தது. பயந்தாயா என்று கேட்டதற்கு மட்டும், "பயம் வேற, ரசிக்கறது வேற. இதுல ரசிச்சேன்" என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவு ரசனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் கெட்டுப்போகும் என்று நினைத்தாளோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஊருக்கும் கொஞ்சம் பரிமாற ஆரம்பித்தாள். தெருக்கோடியில் ஒரு லாண்டரி இருக்கிறது. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும்தான் அங்கே பெரும்பாலும் வரும். அதன் மாடி முன்னொரு காலத்தில் துணி காயப்போடும் இடமாக இருந்தது. உலர்த்தும் மெஷின் வந்த பிறகு மாடியில் வேலை இல்லை. கொடிக் கம்பிகள் மட்டும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இன்னும் கட்டியிருக்கின்றன. அதில் இருவர் படுக்கும் அளவு வெள்ளை விரிப்பு ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டினால் திரை. சித்தப்பாவின் ஆபீஸில் பழசு என்று கழித்த புரொஜெக்டர். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. ஞாயிற்றுக்கிழமை லாண்டரிக்கு விடுமுறை என்பதால் கீழே மெஷின் ஓடாது. லாண்டரிக்காரரும் முகம் சுளிக்காமல் சாவியைக் கொடுத்துவந்தார். மேலே என்ன படம் ஓடுகிறது என்று அவர் கேட்டதில்லை, சித்தியும் சொன்னதில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. படம் ஓடும்போது பயமாக இருந்தால் கையைத் தூக்கலாம். தூக்கினால் உடனே படம் நிற்கும், விளக்கு எரியும். யாரும் சிரிக்கக் கூடாது. கை தூக்கியவர் எது பயமாக இருந்தது என்று சொல்ல வேண்டும், சும்மா கதை விடக் கூடாது. அவர் போதும் என்கிற வரைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு மறுபடி இருட்டு.

விளக்குப் பொறுப்பு சித்தப்பாவுக்கு. அவருக்கு இந்தப் படங்கள் ஆகவே ஆகாது. ஒரு தடவை பல் படத்தைப் பாதி பார்த்துவிட்டு ஒரு வாரம் கஞ்சியோடு நின்றுகொண்டார். அதனால் திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்தபடி, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். கை எழும்புவது அவர் கண்ணுக்குத் தப்பாது. "உங்க மூஞ்சிங்களே எனக்குப் படம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து சித்தி பார்த்த படங்கள் எல்லாவற்றையும் அவள் முகத்திலேயே பார்த்து முடித்துவிட்ட மனிதர் அவர்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை சித்தியைக் கேட்டேன். வேறு எதையோ பேசுவது போலச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில தினம் பாக்கறேன். பார்வை போயிருமோன்னு நெனச்சுக்கிட்டு இருட்டுல கண்ண மூடி உக்காந்திருப்பாங்க. அவங்க கை தூக்கினா லைட்டு போட ஆளில்லடி. இங்கயாவது போடலாமேன்னுதான்."

அதற்கு மேல் நான் கேலி பண்ணவில்லை. அன்றைக்கு மட்டும்.

வழக்கமாக வருகிறவர்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர். அவர்களில் முக்கியமானவர் டியூஷன் சார், எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர். எந்தப் படமானாலும் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கொலைகாரன் யார் என்று சத்தமாகச் சொல்லிவிடுவார். ஒரு தடவையும் சரியாக இருந்ததில்லை. ஆனால் அவர் சொன்னவுடனே அந்த ஆள் இல்லை என்று எல்லாருக்கும் நிம்மதியாகிவிடும். அந்த வகையில் பிரயோஜனமானவர். நான் ஒரு தடவைகூடக் கை தூக்கினதில்லை. குறும்புக்காரிக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் லாண்டரிக்காரர் சித்தியை வாசலில் நிறுத்தினார். பெரிய உடம்பு, கஞ்சி போட்ட சட்டை, சட்டையைவிட விறைப்பான பேச்சு.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை மேல என்ன நடக்குது?"

"படம் பாக்கறோம் அண்ணே."

"படம் பாத்தா ஏம்மா பொம்பளைங்க கத்தற சத்தம் தெருவுக்குக் கேக்குது? ஓட்டல்காரம்மா ஒருத்தங்க வண்டியில போனவங்க காதுல விழுந்திருக்கு. உங்க கடையில ஆளுங்கள என்னய்யா பண்றீங்கன்னு கேக்கறாங்க. நான் வெளுக்கறேன்னு சொல்றதா, என்ன சொல்றது?"

சித்தி என்ன மாதிரிப் படம் என்று விளக்கினாள். விளக்கியிருக்க வேண்டாம். அவர் முகம் மடித்த துண்டு மாதிரி ஆகிவிட்டது.

"அதெல்லாம் மனசக் கெடுக்கற சமாச்சாரம். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்த இடம் கேக்கறார். அமைதியா வருவாங்க, மூச்சு விடுவாங்க, போயிருவாங்க. அவருக்கே குடுத்துரலாம்னு பாக்கறேன்."

சித்தி கெஞ்சுகிற ஜாதி இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் வாசலை விட்டு நகரவில்லை. அந்த மாடியை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் குளியலறையிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

"ஒரே ஒரு படம் வந்து பாருங்க அண்ணே. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க, நானே சாவியக் குடுத்துடறேன்."

அவர் மோவாயைத் தேய்த்தார். "நான் பயப்பட மாட்டேன். அதுக்காகச் சொல்றேன்னு நெனக்காத."

"தெரியும் அண்ணே."

"ஞாயித்துக்கிழமை வரேன்."

அந்த வாரம் முழுவதும் சித்தி படம் தேர்ந்தெடுத்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பவர்கள்கூட அவ்வளவு அலசியிருக்க மாட்டார்கள். ஏணிப் படம் வேண்டாம், அதில் குழந்தை அழுகிறது. ஈரக்கால் படம் வேண்டாம், அதில் தண்ணீர் நிறைய, லாண்டரிக்காரருக்குத் தொழில் ஞாபகம் வரும். ரம்பம் எடுத்துத் துரத்துகிற படத்தை நான் சிபாரிசு செய்தேன்.

"அதப் போடு சித்தி. அதப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க. போன தடவ எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"அதனாலதான் வேண்டாங்கறேன். நம்மளப் பாத்து அவர் சிரிச்சிட்டுப் போகவா கூப்பிட்டேன்?"

கடைசியில் நாற்காலிப் படம் என்று முடிவானது. அதில் ஒரு ஆள் தனியாக இருக்கிறான். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வருவான், "வந்துட்டேன்" என்பான், சாப்பிடுவான், படுத்துக்கொள்வான். காலையில் பார்த்தால் சாப்பாட்டு மேஜையின் நாற்காலி ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நேராக்கி வைப்பான். மறுநாள் இன்னொரு நாற்காலி. பேய் வராது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. யாரும் யாரையும் துரத்த மாட்டார்கள். எல்லாரும் மெதுவாகப் பேசுவார்கள்.

"பச்சப்புள்ளைக்குக்கூடப் போடலாம்," என்றாள் சித்தி. "அவ்வளவு மெதுவான படம். இப்படியும் எடுக்கலாம்னு அவருக்குத் தெரியட்டும்."

எனக்கு எதுவோ இடித்தது. ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. காரம் சாப்பிட்டுப் பழகின நாக்குக்காரி அடுத்தவருக்கு உப்புப் பார்த்த கதை அது. வருஷக் கணக்கில் எல்லா பயத்தையும் மென்று தின்றவளுக்கு எது மெது, எது கடினம் என்கிற கணக்கே மாறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரிக்காரர் அதே விறைப்புச் சட்டையில் வந்தார். நடுவில் பெரிய நாற்காலியாகப் பார்த்துப் போட்டோம். நான் அவருக்கு அடுத்து உட்கார்ந்தேன். சித்தப்பா வழக்கத்தை விளக்கினார்: பயமாக இருந்தால் கையைத் தூக்கலாம். லாண்டரிக்காரர், "நமக்கு அது தேவைப்படாது" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். டியூஷன் சார், "எங்களுக்கும் தேவைப்படாமத்தான் இருந்துச்சு" என்றார்.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. அந்த ஆள் வந்தான், வந்துட்டேன் என்றான், சாப்பிட்டான். முதல் நாற்காலி திரும்பியது. லாண்டரிக்காரர் கால் மேல் கால் போட்டபடி இருந்தார். இரண்டாவது நாற்காலி திரும்பியபோது காலைக் கீழே போட்டார். சித்தி முன் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தைப் பார்த்தாலே தெரியும், படத்தைப் பார்க்கவில்லை. முதுகால் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படத்தில் அந்த ஆள் மறுபடி வீட்டுக்கு வந்தான். சாவியைத் திருகினான். கதவு திறந்தது. உள்ளே கேமரா போகவில்லை. வாசலிலேயே நின்று அவன் முகத்தை மட்டும் பார்த்தது. "வந்துட்டேன்" என்றான், இந்தத் தடவை மெதுவாக, கேட்கிற மாதிரி. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காமல் படம் ஓடிக்கொண்டேயிருந்தது.

எனக்குப் பக்கத்தில் ஏதோ ஆடியது. திரும்பிப் பார்த்தேன். லாண்டரிக்காரரின் வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. மோவாய் வரைக்கும் போனது. தலையைச் சொறிவது போல ஒரு பாவனை செய்துவிட்டு மறுபடி மடிக்கு வந்துவிட்டது. சித்தப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். சொறிந்ததா, தூக்கியதா என்று அவருக்குப் புரியவில்லை. கை மறுபடி எழும்பியது. மறுபடி சொறிந்தது. அந்தத் தலையில் சொறிய முடியே கிடையாது.

அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய மனிதர்கள் அப்படித்தான். பயந்தேன் என்று சொல்ல மாட்டார்கள், பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். திங்கட்கிழமை முதல் மாடியில் எல்லாரும் மூச்சு விடுவார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.

விளக்கு எரிந்தது. மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சித்தி பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கோழி முட்டை போடுவதை விட்டு எழுந்து நின்று கணக்குப் போட்டால் எப்படிப் பார்ப்பீர்கள், அப்படி.

"யாரு, வாலு நீயா?" என்றார் டியூஷன் சார். "கை சுளுக்கிக்கிச்சா?"

"யாரும் சிரிக்கக் கூடாதுன்னு இருக்குல்ல சார்" என்றேன்.

சித்தி எழுந்து வந்தாள். வழக்கம் வழக்கம்தான். "எதுடி பயமா இருந்துச்சு?"

நான் ஒன்றும் தயார் பண்ணிக்கொண்டு கை தூக்கவில்லை. அவரைக் காப்பாற்றத் தூக்கிய கை. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு என்னவோ வந்தது.

"அந்த ஆளு வந்துட்டேன்னு சொல்றான்ல. வீட்டுல யாருமே இல்லியே. யார்கிட்ட சொல்றான்?" திரையைக் காட்டி, "யாராவது, 'வா'ன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு இருந்துச்சு. யாரும் சொல்லலைனாலும் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது. பக்கத்து நாற்காலி முனகியது.

"நானும் சொல்லுவேன்" என்றார் லாண்டரிக்காரர்.

"என்ன அண்ணே?"

"காலைல ஷட்டரைத் தூக்கினதும். வந்துட்டேன்னு. மெஷினப் பாத்து." சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "வீட்லதான் ஆள் இல்லியே. பையன் வெளியூர் போயி ரொம்ப நாளாச்சு. மெஷினாவது கேட்டுக்கட்டும்னு ஒரு பழக்கம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பதற்காக இல்லை. டியூஷன் சார், "நான் ஃப்ரிட்ஜ்கிட்ட பேசுவேன்" என்றார். "அது பதிலுக்கு உறுமும். அதனால சண்டையில முடியும்." பின்வரிசையில் இருந்த தையல்காரம்மா தன் ஊசிகளைத் திட்டுவதாகச் சொன்னார். சித்தப்பா வண்டியைக் கொஞ்சுவதாகச் சொல்லப்போய், "என்ன ஒரு நாளும் கொஞ்சினதில்லியே" என்று சித்தி முறைக்க, "உன்னக் கொஞ்சினா விமரிசனம் பண்றியே" என்றார். மாடி முழுக்கச் சிரிப்பு. லாண்டரிக்காரரும் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பல் வரிசை அழகு.

"சரி," என்றார் அவர். "அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆகுது?"

"அதப் படத்துலதான் பாக்கணும்" என்றாள் சித்தி.

"பாக்கறேன். ஆனா லைட்டு எரியட்டும்."

இங்கேதான் வந்தது வம்பு. சித்திக்கு உயிரே இருட்டில் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் விரிப்பின் மேல் விழும் கறுப்பு, சாம்பல் தண்ணி மாதிரி வெளுத்துவிடும். அந்த ஆளின் வீடு ஓட்டல் அறை மாதிரித் தெரியும்.

"லைட்டு போட்டா இது படமில்ல அண்ணே, நாற்காலி விளம்பரம். இப்படிப் பாக்கறதுக்குப் பாக்காமலே இருக்கலாம்."

"அப்ப நான் கிளம்பறேன்" என்று எழுந்துவிட்டார்.

சித்தி புரொஜெக்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை, 'சரி லைட்டு எரியட்டும்' என்று சொன்னால் மாடி மிஞ்சும். அது அவள் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் வரவில்லை. மாடி போனாலும் பரவாயில்லை, ஒரு நல்ல படத்தை வெளுத்துப் போடச் சம்மதிக்க மாட்டாள். எனக்கு அவள் மேல் கோபமாகவும் வந்தது, அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

சித்தப்பாதான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாண்டரிக்காரருக்கு நேர் எதிரே, முட்டியோடு முட்டி படுகிற மாதிரிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"உக்காருங்க. இருட்டாத்தான் இருக்கும். ஆனா என் மூஞ்சி உங்களுக்குத் தெரியும். படம் தாங்கலைனா என்னப் பாருங்க. நான் உங்களத்தான் பாத்துட்டிருப்பேன்."

"நீங்க பாக்கறதே பயமா இருக்கும் போலிருக்கே" என்றார் லாண்டரிக்காரர். ஆனால் உட்கார்ந்தார்.

சுவிட்ச் பொறுப்பு எனக்கு வந்தது. மறுபடி இருட்டு. திரையின் வெளிச்சத்தில் அந்த இருவரையும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாண்டரிக்காரர் சித்தப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் படத்தைப் பார்ப்பார். ஏதாவது நகர்ந்தால் சட்டென்று சித்தப்பாவின் முகத்துக்குக் குதிப்பார். சித்தப்பா, ஒண்ணுமில்லை என்பது போலத் தலையாட்டுவார். அவருக்கு என்ன தெரியும், படத்தையே பார்க்காதவருக்கு? ஆனாலும் அது வேலை செய்தது. இரண்டு தடவை இருவர் கையும் கோத்திருந்ததைப் பார்த்தேன். யார் முதலில் பிடித்தது என்று சாட்சி சொல்ல மாட்டேன். கடைசிக் காட்சியில் எல்லா நாற்காலிகளும் திரும்பியிருக்க, அந்த ஆளும் ஒன்றில் சுவரைப் பார்த்து உட்காருகிறான். அப்போது கேட்ட அலறல் தெருவுக்குக் கேட்டிருக்கும். பெண் குரல் இல்லை.

விளக்கைப் போட்டேன். லாண்டரிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சித்தி அவர் முன்னால் வந்து நின்றாள். இரு கையும் சேலை முந்தானையைப் பிடித்திருந்தன. சாவி இடுப்பில் இருந்தது. அவர் சாவியைக் கேட்பார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த மூணாவது நாற்காலி," என்றார்.

"என்ன அண்ணே?"

"மெத்தையில ஒரு காப்பிக் கறை இருந்துச்சு. அவன் முதல்லயே கொட்டினது. கடைசியில உக்காரறப்ப அந்தக் கறை இல்ல."

டியூஷன் சார் உடனே, "படம் எடுத்தவன் மறந்திருப்பான்" என்றார். அவர் சொன்னதால் அது இல்லை என்று பாதிப் பேருக்கு உறுதியாகிவிட்டது.

"காப்பிக் கறை தானா போகாது சார். அதுவும் காஞ்ச கறை. உக்காந்து தேய்ச்சாத்தான் போகும். அவன் தேய்க்கல, நான் பாத்துட்டேதான் இருந்தேன்." லாண்டரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அந்த வீட்டுல வேற யாரோ இருந்து துவைச்சிருக்காங்க."

சித்தி ஓடிப்போய்ப் படத்தைப் பின்னால் ஓட்டினாள். கறை இருந்தது. முன்னால் ஓட்டினாள். இல்லை. மறுபடி ஓட்டினாள். அந்தப் படத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. திருப்பி வைத்தவனை, வைக்காதவனை, கதவை, வாசலை எல்லாம் அலசியிருக்கிறாள். துவைத்த ஆளை விட்டுவிட்டாள்.

"மறந்தும் போயிருக்கலாம்" என்றாள் மெதுவாக.

"இருக்கலாம்" என்றார் அவரும். "எனக்கென்னமோ துவைச்சதாத்தான் படுது."

சித்தி கைகளைக் குறுக்கே கட்டி இரு முன்கைகளையும் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ரோமமெல்லாம் குத்திட்டு நின்றிருந்தது. எத்தனை ரப்பர் பல்லி வாங்கியிருப்பேன் நான். இந்த மனிதர் ஒரு காப்பிக் கறையை வைத்துச் சாதித்துவிட்டார். பொறாமையாக இருந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் பொறாமைப்படவும் மறந்துவிட்டது. புதுச் செருப்பு கிடைத்த குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

லாண்டரிக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கறுப்புத் துணியை விரலால் உரசிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கைவிரித்து ஜன்னலின் அகலத்தைச் சாண் போட்டார்.

"இதெல்லாம் ஒரு துணியா? சத்தம் அப்படியே வெளிய போவுது. கீழ ஓட்டல்காரன் கழிச்ச கம்பளி கட்டுக் கட்டாக் கெடக்கு. ரெட்டையா மாட்டினா ஒரு பய காதுலயும் விழாது. வெளிச்சமும் வராது, உனக்குத்தான் அது ஆகாதே."

சித்தி, "சரி அண்ணே" என்றாள். புரொஜெக்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினாள்.

லாண்டரிக்காரர் படியில் இறங்கிக்கொண்டே போனை எடுத்தார். மாடியில் எல்லாரும் நாற்காலி மடக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"வணக்கம் சார், லாண்டரியிலேர்ந்து பேசறேன். அந்த மாடி விஷயம். இல்ல சார், உங்களுக்கு ஒத்து வராது. ஞாயித்துக்கிழமை அங்க கொஞ்சம் சத்தமா இருக்கும்." படியில் ஒரு நொடி நின்றார். "இல்ல இல்ல, மெஷின் இல்ல சார். நான்தான் கத்துவேன்."